லொறிச் சில்லும் கலப்புலோகமும்

மாட்டுவண்டிச் சில்லுக்கு ஊர்க்கொல்லன் இரும்புப் பட்டம் பூட்டிய முறையைக் கண்டவர் இன்று சிலரே. வட்டையின் சுற்றளவிலும் சற்றுக் குறைந்த பட்டத்தை நெருப்பிலிட்டு விரியச் செய்து, சூடாறுமுன் பொருத்தி, நீர் வார்த்துக் குளிர்விப்பான். சுருங்கும் பட்டம் வட்டையையும் ஆரையும் குடத்தையும் ஒருங்கே இறுக்கும். சில்லின் வலிமை அதன் பொருளில் மாத்திரமன்றிப் பொருத்தத்திலும் உள்ளதென்பதை அவன் அறிந்திருந்தான். லொறிகளுக்குப் பின்னர் வாங்கிப் பூட்டப்படும் அலுமினியக் கலப்புலோகச் சில்லுகளை ஆராயுமிடத்தும் இவ்வுண்மையே முன்னிற்கின்றது.

முதலில் வலிமையை நோக்குவாம். அடித்துருவாக்கிய அலுமினிய லொறிச் சில்லை அமெரிக்க அல்கோவா நிறுவனம் 1948 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது. உருக்கின் அடர்த்தி நீரினதிலும் 7.8 மடங்கு, அலுமினியத்தினதோ 2.7 மடங்கே. ஆயினும் அலுமினியத்தின் விறைப்பு உருக்கினதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காதலின், சில்லின் தட்டைத் தடிப்பாக்குதல் வேண்டும். அங்ஙனம் தடித்தும், பெரிய சில்லொன்றில் 10 கிலோகிராமளவு நிறை குறையும். பத்துச் சில்லுள்ள லொறியில் இரண்டு மூடை சீமெந்து கூடுதலாக ஏற்றலாம்.

ஆனால் உருக்கு, ஓர் எல்லைக்குட்பட்ட தகைப்பை எண்ணற்ற முறை தாங்கவல்லது. அலுமினியத்துக்கு அத்தகைய திட்டமான எல்லை இல்லை. ஒவ்வொரு சுழற்சியும் அதற்குச் சிறிது களைப்பைச் சேர்க்கும். எனவே காருக்கென வார்த்த சில்லைப் பாரவண்டிக்குப் பூட்டுதல் பெருந்தவறாகும். யப்பானியர் கார்ச் சில்லுக்கு ஜே.டபிள்யூ.எல். என்றும், லொறி, பஸ் என்பவற்றின் சில்லுக்கு ஜே.டபிள்யூ.எல்.-ரி என்றும் வெவ்வேறு குறியிடுவது இதனாலேயே.

இனிப் பொருத்தம். பத்துத் துளையுள்ள சில்லுகளெல்லாம் ஒன்றல்ல. ஒருவகையில் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 335 மில்லிமீற்றர், வேறொருவகையில் 285.75 மில்லிமீற்றர். நடுத்துளையும் குடத்தின் விளிம்பிற் செவ்வனே அமர்தல் வேண்டும். பாரத்தைத் திருகாணிகளே தாங்குகின்றன எனப் பலர் எண்ணுவர். உண்மையில், நட்டுக்கள் சில்லைக் குடத்தோடு நெருக்க, அம்முகங்களிடையே எழும் உராய்வே அதனைத் தாங்குகின்றது. இறுக்கம் குறைந்தவிடத்துத் திருகாணி வளைந்து வளைந்து முறியும். தடித்த அலுமினியத் தட்டுக்கு நீண்ட திருகாணியும், துளைவாயின் வடிவுக்கேற்ற நட்டும் வேண்டும். தொடுமுகத்திற் பூசிய வர்ணம் நசுங்கினும் இறுக்கம் தளரும். ஆதலாற் பூட்டியபின் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் அளவுகோற் சாவியால் மீண்டும் இறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது.

கடலும் நீரேரியும் சூழ்ந்த நம் குடாநாட்டுக்கு மற்றுமோர் இடரும் உண்டு. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படையை உப்பு துளைக்கும். இரும்புக் குடத்தோடு தொடுமிடத்தில் உவர்நீர் தங்கினால் அரிப்பு விரையும். அரித்த குழியிலிருந்து வெடிப்புத் தோன்றும். ஆகவே நன்னீராற் கழுவுதலும், தொடுமுகங்களைத் துப்புரவாக வைத்தலும் நன்று. வெடித்த சில்லை ஒட்டுவித்து மீண்டும் பூட்டுதல் ஆகாது. வெப்பப் பதத்தாற் பெற்ற வலிமையை ஒட்டுவேலையின் சூடு அழித்துவிடும்.

கழன்றோடும் சில்லினால் முதலில் வருந்துபவன் லொறிச் சொந்தக்காரனல்லன். கண்டி வீதியோரமாகத் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் மாணவனாதல் கூடும். சில்லின் பளபளப்பைக் கண்டு விலைபேசுமுன், அதிற் பொறித்த பாரவளவையும் துளைவட்டத்தின் விட்டத்தையும் படித்தறிதல் நம் கடனாகும்.