பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நியாயமான விலை எது?

இலங்கையில் ஒரு மோட்டார் காரை வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டிய பின்னர், வாங்கிய விலைக்கோ அதற்கும் கூடுதலாகவோ விற்பது எவருக்கும் வியப்பளிக்காத செய்தியாகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டமையும் 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையும் இந்த நிலைமைக்கு முக்கிய காரணங்களாகும். தனியார் வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரையிலான ஐந்தாண்டு காலத்தில், காரானது போக்குவரத்துச் சாதனம் என்பதிலும் பார்க்க வங்கி வைப்புக்கு நிகரான சொத்தாகவே கருதப்பட்டு வந்தது. "போட்ட பணம் எங்கே போகப் போகிறது?" என்ற மனோபாவம் இக்காலத்தில் மேலும் வேரூன்றிவிட்டது எனலாம். டொயோட்டா விட்ஸ், சுசுகி வெகன் ஆர் போன்ற சாதாரண கார்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கையில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அதே நம்பிக்கையுடன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கச் செல்பவர் பெரும் இழப்பைச் சந்திக்க நேரலாம்.

சாதாரண கார் ஒன்றின் விலைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதே வகைக் காரை இன்று ஜப்பானிலிருந்து வரிகளுடன் இறக்குவதற்கு ஆகும் செலவே அந்த வரம்பாகும். பழைய கார் அதனைத் தாண்டிச் செல்லுமாயின் வாங்குபவர் புதிதாக இறக்கப்பட்டதை நாடுவார். உற்பத்தி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகளான ஸ்போர்ட்ஸ் காருக்கு அத்தகைய அளவுகோல் கிடையாது. இறக்குமதிக்கு வயதெல்லை இருப்பதனால் அது இனி நாட்டுக்குள் வரப்போவதுமில்லை. விற்பவர் கேட்கும் தொகை, விளம்பரங்களில் காணப்படும் தொகை, நண்பர்கள் கூறும் தொகை ஆகியவை மாத்திரமே எஞ்சுகின்றன. இவற்றில் எதுவும் அந்தக் குறிப்பிட்ட காரின் உள்நிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இதனை விளக்குவதற்கு மஸ்டா ஆர்.எக்ஸ்-8 காரை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. 2003 முதல் 2012 வரை உற்பத்தி செய்யப்பட்ட இக்காரில் நால்வர் அமரலாம். பின்கதவுகள் எதிர்த்திசையில் திறப்பவை. தோற்றத்தில் இன்றும் பழமை தெரியாத கார் இது. இலங்கை வீதிகளிலும் இதனைக் காணலாம். இளைஞர்களைக் கவர்வதற்கு இவையே போதும். தந்தையின் சேமிப்பிலிருந்தோ, வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர் அனுப்பும் பணத்திலிருந்தோ இத்தகைய கார் ஒன்று வாங்கப்படும்போது, அதன் விலை ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பாகவும் அமைந்துவிடுகிறது.

இக்காரின் எஞ்சினில் ஏனைய கார்களில் உள்ளதைப் போன்ற பிஸ்டன்கள் இல்லை. முக்கோண வடிவிலான இரண்டு சுழலிகள், அதாவது ரோட்டர்கள், அவற்றின் உறைகளுக்குள் சுழல்கின்றன. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோக அடைப்புகள் பொருத்தப்பட்டுள்ளன. எரிவாயுவின் அமுக்கத்தைத் தாங்குபவை இவையே. இவை தேய்ந்தால் அமுக்கம் கசியும், வலு குறையும், இறுதியில் எஞ்சின் இயங்க மறுக்கும். அப்போது எஞ்சினை முழுமையாகக் கழற்றிப் புதுப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2003 ஆம் ஆண்டின் சர்வதேச சிறந்த எஞ்சினுக்கான விருதைப் பெற்றதும் இதே எஞ்சின்தான். பின்னர் அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாதிரிகளுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 100,000 மைல்கள் வரை நீடிக்க வேண்டிய நிலைக்கு நிறுவனம் தள்ளப்பட்டதும் இதனால்தான். விருது பெற்ற எஞ்சின் என்று கூறும் விற்பனையாளர்கள் இரண்டாவது தகவலைக் கூறுவதை நாம் கேட்டதில்லை!

விளம்பரங்களில் "1300 சிசி" என்று குறிப்பிடப்படுவதும் வாங்குபவரைத் திசை திருப்பக்கூடியதே. 654 கன சென்ரிமீற்றர் கொண்ட இரண்டு அறைகளைக் கூட்டினால் 1308 வருவது உண்மைதான். ஆனால் ஜப்பானிய வரி நடைமுறையில் ரோட்டரி எஞ்சினின் கொள்ளளவு ஒன்றரை மடங்காகவே கணக்கிடப்படுகிறது. அதன்படி இது ஏறத்தாழ இரண்டு லீற்றர் காராகும். நகர நெரிசலில் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு இது ஓடும் தூரம் இரண்டு இலக்கத்தை எட்டுவதில்லை. அத்துடன், அடைப்புகளை மசகிடுவதற்காகச் சிறிதளவு எண்ணெயை எஞ்சின் தானாகவே எரிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. எண்ணெய் மட்டத்தை அடிக்கடி பார்த்து நிரப்பாத உரிமையாளரின் கைகளில் இருந்த கார், வெளித்தோற்றம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஆபத்தானது.

ஆகவே இக்காரை வாங்க விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, எஞ்சினின் அமுக்கப் பரிசோதனை அறிக்கையையே. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சாதாரண கராஜ்களில் உள்ள அமுக்கமானி, அளவிடும் போது கிடைக்கும் மிக உயர்ந்த பெறுமானத்தை மாத்திரம் தக்கவைத்துக் காட்டும். ரோட்டரின் மூன்று முகங்களில் இரண்டு நன்றாகவும் ஒன்று பழுதாகவும் இருந்தால், அந்தப் பழுது அதில் தெரியாது. மூன்று முகங்களையும் தனித்தனியே பதிவு செய்யும் ரோட்டரிக்கான விசேட கருவியே தேவை. இரண்டு ரோட்டர்களுக்குமாக ஆறு எண்கள் கிடைக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றுகள் என்ற வேகத்தில், நல்ல எஞ்சினுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோகிராம் என்பது தயாரிப்பாளரின் நியமம். 6.9 இற்குக் கீழே இறங்கினால் எஞ்சின் அதன் முடிவை நெருங்கிவிட்டது என்று பொருள். ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 1.5 இற்கு மேற்பட்ட வித்தியாசம் இருப்பதும் நல்ல அறிகுறியல்ல. ஒற்றை எண்ணை எழுதிக் கொடுக்கும் அறிக்கையை அறிக்கையாகவே கொள்ள வேண்டியதில்லை.

அத்தகைய கருவி எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. அப்படியாயின் குறைந்தபட்சம் செய்யக்கூடிய சோதனை ஒன்று உள்ளது. கார் முற்றாகக் குளிர்ந்திருக்கும் நிலையிலேயே அதனைப் பார்க்கச் செல்ல வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்னரே எஞ்சினை இயக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடுவதே நல்லது. குளிர்ந்த எஞ்சின் இயங்கிய பின் அரை மணி நேரமாவது ஓட்டி, நன்கு சூடான நிலையில் நிறுத்தி, பத்து நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் இயக்க வேண்டும். அமுக்கம் குறைந்த ரோட்டரி எஞ்சின் சூடான நிலையில்தான் அதிகம் சிரமப்படும். ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுழன்ற பின்னரே இயங்குமாயின், "பற்றரி பலவீனம்" என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

ஓடிய தூரத்தைப் பற்றிய நமது வழமையான கணிப்பும் இங்கே செல்லுபடியாவதில்லை. மீற்றரில் குறைந்த கிலோமீற்றர் காட்டும் காருக்கு அதிக விலை கொடுப்பது நமது பழக்கம். மீற்றரைத் திருத்துவது எவ்வளவு இலகு என்பது ஒருபுறமிருக்க, ரோட்டரி எஞ்சினுக்குக் குறைந்த ஓட்டம் நன்மை என்றும் கூற முடியாது. கராஜிலிருந்து சில மீற்றர் நகர்த்திவிட்டு உடனே நிறுத்துவது, கடைத்தெரு வரை மாத்திரம் ஓட்டுவது போன்றவை எஞ்சினுக்குள் பெற்றோல் தேங்குவதற்கும் கரி படிவதற்கும் காரணமாகின்றன. ஒழுங்காக எண்ணெய் மாற்றி, நீண்ட தூரம் ஓடிய காரும் அதன் பற்றுச்சீட்டுகளுமே கூடுதல் பெறுமதி உடையவை என்பது எமது கருத்து.

ஜப்பானிய ஏலப் பத்திரத்துக்கும் அதற்குரிய இடத்தை மாத்திரமே வழங்க வேண்டும். "ஆர்" என்ற தரக்குறியீடு விபத்தின் பின் திருத்தப்பட்ட வாகனத்தைக் குறிக்கும் என்பதும், பலகை மாற்றப்பட்ட இடங்கள் வரைபடத்தில் காட்டப்படும் என்பதும் பயனுள்ள தகவல்களே. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஜப்பானை விட்டு வந்த காரின் ஏலப் பத்திரம், அன்றைய நிலையை மாத்திரமே கூறும். லீசிங் நிறுவனத்துக்காகப் பெறப்படும் மதிப்பீட்டு அறிக்கையும் எஞ்சினின் உள்ளே பார்ப்பதில்லை.

இனி விலைக்கு வருவோம். கணக்கை விளக்குவதற்காக மாத்திரம் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை சந்தை விலைகள் அல்ல. ஆறு எண்களும் நியமத்துக்குள் உள்ள, ஆவணங்கள் ஒழுங்காக உள்ள கார் ஒன்று 50 இலட்சம் ரூபாவுக்கு விற்கப்படுகிறது என்போம். பரிசோதனை செய்யப்படாத இன்னொன்று 38 இலட்சத்துக்குக் கிடைக்கிறது. எஞ்சினைப் புதுப்பிக்க உதிரிப்பாகங்களும் கூலியும் சேர்த்து 14 இலட்சம், பற்றவைப்புச் சுருள்களுக்கும் அடைபட்ட கற்றலிக் கொன்வேர்ட்டருக்கும் 3 இலட்சம் என்றால், 38 இலட்சத்துக் கார் 55 இலட்சமாகிவிடுகிறது. 12 இலட்சம் மிச்சம் என்று எண்ணியவர் உண்மையில் 5 இலட்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது காரின் நியாயமான விலை 33 இலட்சம். உதிரிப்பாகங்கள் வரும் வரை கார் கராஜில் கிடக்கும் காலத்தையும் எண்ணினால் அதற்கும் குறைவே. பரிசோதிக்கப்படாத எஞ்சினைப் பழுதடைந்த எஞ்சினாகவே வைத்துக் கணக்கிட வேண்டும். எஞ்சின் நன்றாக இருப்பதாக நம்பும் விற்பனையாளர், பரிசோதனைக்கு உடன்பட்டு அதனை நிரூபித்து உயர்ந்த விலையைப் பெற்றுக்கொள்ளலாம் அல்லவா?

மாதிரி வேறுபாடும் விலையைப் பாதிக்கும். ஜப்பானில் ஆரம்பத்தில் 210 குதிரைவலு கொண்ட சாதாரண வகையும் 250 குதிரைவலு கொண்ட டைப் எஸ் வகையும் விற்கப்பட்டன. வெளியே டைப் எஸ் சின்னத்தை ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை என்பதனால் செசி இலக்கத்தைக் கொண்டு உறுதி செய்வது அவசியம். 2008 இன் பின்னர் வந்த கார்களில் எண்ணெய் செலுத்தும் முறை மேம்படுத்தப்பட்டது. அவற்றுக்குச் சற்று அதிகம் கொடுப்பது நியாயமானதே.

"இது இனிக் கிடைக்காத கார், விலை ஏறிக்கொண்டே போகும்" என்ற வாதமும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. நிஸான் ஸ்கைலைன் ஜி.ரி-ஆர் இதற்கு உதாரணமாகக் காட்டப்படும். அதன் விலை ஏறியமைக்குத் தனியான காரணம் உண்டு. அமெரிக்காவில் 25 ஆண்டுகள் கடந்த வாகனங்களை அந்நாட்டுப் பாதுகாப்பு நியமங்களுக்கு உட்படாமலே இறக்குமதி செய்யலாம். 1989 இல் வெளிவந்த ஆர்-32 மாதிரி 2014 முதல் அங்கே செல்லத் தொடங்கியதும் கேள்வி பெருகியது. ஆர்.எக்ஸ்-8 அமெரிக்காவிலேயே பெருமளவில் விற்கப்பட்ட கார் என்பதால் அத்தகைய கதவு எதுவும் அதற்காகத் திறக்கப் போவதில்லை.

குறையை மறைத்து விற்பதை இஸ்லாமிய வணிக நெறி தடை செய்கிறது. பின்னர் குறை தெரியவரின் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அது வாங்கியவருக்கு வழங்குகிறது. நடைமுறையில் இந்த உரிமையை எழுத்தில் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பானது. முற்பணம் கொடுக்கும் போது, ஆறு எண்களில் ஏதேனும் ஒன்று 6.9 இற்குக் குறைந்தால் பணம் முழுமையாகத் திருப்பித் தரப்படும் என்று பற்றுச்சீட்டில் எழுதி இரு தரப்பினரும் கையொப்பமிடலாம். அத்துடன் பதிவுச் சான்றிதழில் உள்ளவர்தான் விற்கிறாரா, நிதி நிறுவனத்தின் பெயர் அதில் இன்னும் நீக்கப்படாமல் உள்ளதா என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதி செய்ய வேண்டும். முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்டு விட்டுச் சென்ற வெற்றுப் படிவங்களுடன் கைமாறி வந்த காராயின், பெயர் மாற்றம் முடியும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதிருப்பதே முறையாகும்.