மெல்லிசையில் தொல்பொருளாராய்ச்சியாளர்

மண்ணுள் மறைந்த பழமையை ஆராய்ந்து வெளிக்கொணர்வோர் தொல்பொருளாராய்ச்சியாளர். மக்கள் விரும்பிக் கேட்கும் இசை இவர்களை எங்ஙனம் காட்டுகின்றது என்பதற்குத் துத்தன்காமன் கல்லறையின் கதை தக்க சான்றாகும்.

1922 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், எகிப்திலுள்ள அரசர் பள்ளத்தாக்கில், ஆங்கிலேயரான ஹவார்ட் காட்டர் இக்கல்லறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் 'ஓல்ட் கிங் டட்' என்னும் வேடிக்கைப் பாட்டு வெளிவந்தது. 1978 இல், கல்லறைச் செல்வங்கள் அந்நாட்டு நகரங்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த காலத்தில், ஸ்டீவ் மாட்டின் என்னும் நகைச்சுவை நடிகர் அக்காட்சி வாணிகமாகியதை எள்ளிக் 'கிங் டட்' என்ற பாடலைப் பாடினார். இரண்டிலும் பாட்டுடைத் தலைவன் அரசனே, அகழ்ந்தவர் அல்லர். 1981 இல் வெளியான முதல் இந்தியானா ஜோன்ஸ் திரைப்படத்துக்கு ஜோன் வில்லியம்ஸ் அமைத்த வீறுநடை இசையோ ஆராய்ச்சியாளரை முன்னிறுத்தியது. ஆயினும், அரும்பொருள் தேடி அலையும் வீரராகவே அவரைக் காட்டிற்று.

உண்மை நிலை வேறு. 5,000 இற்கு மேற்பட்ட பொருள்களை எண்ணிட்டு, குறிப்பெழுதி, நிழற்படமெடுத்து, சிதைந்தவற்றைச் செப்பனிட்டு வெளிக்கொணரக் காட்டர் குழுவினர்க்கும் எகிப்தியத் தொழிலாளர்க்கும் ஏறத்தாழப் 10 ஆண்டுகள் சென்றன. கிடந்த இடமும் நிலையும் குறிக்கப்படாத பொருள், பொன்னேயாயினும், தன் வரலாற்றை முழுமையாகக் கூறாது. பாடல் ஆர்வத்தைத் தூண்டலாம். அறிவைத் தருவது பொறுமையே. இவ்வேறுபாட்டை உணராத மாணவன் புதையலை நாடுவானேயன்றி வரலாற்றை நாடான்.