மூலையில் நிற்கும் ஸலைன் பாட்டில்

பல் டாக்டரின் வாசலை மிதிக்கும்போதே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. எதைக் கண்டு? குறட்டைக் கண்டு, ஊசியைக் கண்டு, 'கொர்'ரென்று கடையும் அந்த யந்திரத்தைக் கண்டு! மூலையில் சாதுவாக நிற்கும் ஸலைன் பாட்டிலை யாராவது திரும்பிப் பார்க்கிறோமா?

2022, 2023-ம் ஆண்டுகளில் வாணியம்பாடியில் எமனாக வந்தது அந்தப் பாட்டில்தான். அங்கே ஒரு பல் வைத்தியசாலைக்குப் போய் வந்தவர்களில் 10 பேருக்குக் காய்ச்சல், தலைவலி என்று ஆரம்பித்து, கிருமி மூளை வரை போய்விட்டது. 8 பேர் பிழைக்கவில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி அது. அது உண்டாக்கும் நோய்க்கு மெலியாய்டோஸிஸ் என்று பெயர். வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் அரசாங்கச் சுகாதார நிபுணர்களும் துருவித் துருவி ஆராய்ந்து, 2025-ல் விவரத்தை வெளியிட்டார்கள். ஈறை எலும்பிலிருந்து நெம்பி விலக்குவதற்கென்று ஒரு கருவி உண்டு. அதைக் கொண்டே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு சரியாக மூடாமல், மீதியை அடுத்தவருக்கும் அதற்கடுத்தவருக்கும் உபயோகித்திருக்கிறார்கள்.

இம்மாதிரித் தவறுக்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. 'பாதிப் பாட்டில் வீணாகிறதே' என்ற சிக்கன புத்தி போதும். நம் சமையலறையில் அதைத்தானே மெச்சுகிறோம்!

அதனால்தான் பட்டம் வாங்கிப் பலகை மாட்டிய பிறகும் பல் டாக்டர்கள் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லைசென்ஸைப் புதுப்பிக்க 50 மணி நேரம் படித்தாக வேண்டும். அதில் தொற்றுத் தடுப்புக்கு மட்டும் 2 மணி நேரம் கட்டாயம். நம் நாட்டிலும் தொடர் கல்வி வகுப்புகள் நடக்கின்றன. என்னைக் கேட்டால், கருவி கழுவும் பெண்ணையும் அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

கருவிகளை வெந்நீரில் கொதிக்க வைத்தால் போதாதா? போதாது. சில கிருமிகளின் வித்துக்கள் அதற்கெல்லாம் அசைவதில்லை. ஆட்டோகிளேவ் என்ற பாத்திரத்தில் 121 டிகிரி நீராவியில் வேக வேண்டும்; நம் பிரஷர் குக்கருக்கு அது அண்ணன். உறை மேலுள்ள பட்டை நிறம் மாறினால் சூடு ஏறியது என்று மட்டுமே அர்த்தம். வித்துக்கள் செத்தனவா என்று அறிய, உயிருள்ள வித்துக்களையே உள்ளே வைத்து வாரந்தோறும் சோதிக்க வேண்டும். விசில் வந்ததா என்று பார்ப்பது வேறு, பருப்பு வெந்ததா என்று பார்ப்பது வேறு அல்லவா?

ஈறு வைத்தியத்தில் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்; அங்கே ரத்தம் வராமல் வேலை நடக்காது. அதற்காகப் பயந்து ஒதுங்கிவிடாதீர்கள். 'காறையைச் சுரண்டினால் பல் ஆடிப்போகும்' என்று பாட்டிமார் சொல்வது தவறு. இடுக்கை அடைத்திருந்த காறை போனதும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் வரை பள்ளம் இருப்பது சகஜம். அதற்கு மேல் ஆழமானால், முதலில் வேர் வரை சுத்தம் செய்து, சில வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். கத்தி எடுப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் அவசியமானால்.

அடுத்த முறை நாற்காலியில் சாயும் முன், கருவியின் உறையை உங்கள் எதிரிலேயே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். "டாக்டர், இந்த ஸலைன் புதிதுதானே?" என்று கேட்டும் விடுங்கள். நல்ல டாக்டர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். கோபித்துக்கொண்டால், செருப்பு வாசலில்தானே இருக்கிறது!