கர்ல் வந்தாச்சு, சர்டிபிகேட் எங்கே?

டெபியன் ஸ்லிம் இமேஜ் மேல ஒரு டாக்கர் கன்டெய்னர் கட்டுறீங்கன்னு வைங்க. சைஸ் குறையணும்னு 'நோ இன்ஸ்டால் ரெகமெண்ட்ஸ்' ஆப்ஷனைப் போட்டு கர்ல் மட்டும் இன்ஸ்டால் பண்றீங்க. பில்ட் ஒரு எரரும் இல்லாம முடியுது. ஆனா முதல் எச்டிடிபிஎஸ் முகவரியைக் கூப்பிட்டதுமே, 'சர்டிபிகேட்டைச் சரிபார்க்க முடியலை'ன்னு கர்ல் கையை விரிக்குது.

கர்லுக்கு அடியில இருக்கிற லிப்கர்ல், 'சிஏ-சர்டிபிகேட்ஸ்' பேக்கேஜைக் கட்டாயம்னு கேட்கறதில்லை. பரிந்துரை மட்டும்தான் செய்யுது. அந்தப் பரிந்துரையைத்தான் நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்க.

டெபியன்ல இதுக்கு மூணு படி உண்டு. 'டிபெண்ட்ஸ்' இல்லாம பேக்கேஜ் வேலையே செய்யாது. 'ரெகமெண்ட்ஸ்', விதிவிலக்கான இடங்களைத் தவிர எல்லா இடத்திலயும் கூடவே இருக்க வேண்டியது. 'சஜெஸ்ட்ஸ்' இருந்தா நல்லது, அவ்வளவுதான். தோசைக்கு மாவு, சட்னி, இட்லிப்பொடி மாதிரி. சட்னி இல்லாமலும் அது தோசைதான், ஆனா இலையில வெறும் தோசையை வச்சா யாரும் சும்மா இருக்க மாட்டாங்க.

2009-ல வந்த டெபியன் 5.0 லென்னியிலிருந்து, ஏபிடி ரெகமெண்ட்ஸையும் தானாகவே இன்ஸ்டால் பண்ணுது. ஃபெடோராவின் டிஎன்எஃபும் அப்படித்தான். ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் வழி வேற: விருப்பத்துக்குரிய பேக்கேஜ்களின் பெயரையும், அது எதுக்குன்னு ஒரு வரியையும் காட்டிட்டு ஒதுங்கிக்கும். முடிவு உங்க கையில.

இரண்டுமே நியாயமான வழிதான். ஏபிடி, பேக்கேஜைப் பராமரிக்கிறவரின் அனுபவத்தை நம்புது. பேக்மேன், நீங்க அந்த வரியைப் படிப்பீங்கன்னு நம்புது. ரெகமெண்ட்ஸை ஆஃப் பண்ணிட்டுப் பட்டியலையும் படிக்காம விட்டா, இந்த ரெண்டு பாதுகாப்புமே போயிடும்.

அப்போதான் பெரிய ஆபத்து வருது. எரர் போகட்டும்னு, சரிபார்ப்பையே தவிர்க்கிற 'கே' ஆப்ஷனைச் சிலர் கர்லுக்குக் கொடுத்துடுவாங்க. எரர் போயிடும். ஆனா எதிர்முனையில இருக்கிறது உண்மையான சர்வர்தானா, நடுவுல யாராவது புகுந்திருக்காங்களான்னு அதுக்கப்புறம் தெரியாது. சில மெகாபைட் மிச்சம் பிடிக்கப் போய், பூட்டைக் கழட்டி வச்ச கதை.

லேப்டாப்ல ரெகமெண்ட்ஸை அப்படியே ஆன்ல விட்டுடுங்க. கன்டெய்னர்ல ஆஃப் பண்ணலாம், தப்பில்லை. ஆனா முதல்ல 'ஏபிடி ஷோ' போட்டு ரெகமெண்ட்ஸ் வரியைப் பாருங்க. லிப்கர்ல் மாதிரி கூட வர்ற லைப்ரரிகளுக்கும் சேர்த்துத்தான். தேவையானதை டாக்கர்ஃபைல்ல பெயர் சொல்லியே எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு அதைத் திறக்கிறவருக்கும், அந்தப் பேக்கேஜ் ஏன் அங்க இருக்குன்னு புரியும்.