திகதியை மாற்றுபவர் ஒருவர், நட்டம் இன்னொருவருக்கு

இங்கிலாந்தின் வட பகுதியில் தொழில் பார்க்கும் என் சகோதரியின் மகன் உதைபந்தாட்டப் பைத்தியம். தன் ஊர்க் கழகம் எங்கே விளையாடினாலும் பின்னாலேயே போவான். ஒருநாள் தொலைபேசியில், "மெச்சைத் திங்கக்கிழமை ராவைக்கு மாத்திட்டாங்க மாமா, ரெயில் காசும் போச்சு, ரூம் காசும் போச்சு" என்று புலம்பினான்.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு லண்டனில் போட்டி என்று அட்டவணை சொன்னது. அதை நம்பி, மலிவாகக் கிடைக்கும்போதே ரெயில் டிக்கட்டும் ஓர் அறையும் எடுத்துவிட்டான். அங்கே முன்கூட்டி எடுக்கும் மலிவு டிக்கட் குறித்த ரெயிலுக்கு மட்டுமே செல்லும். பணம் திரும்பாது. மாற்றுவதானால் கட்டணமும் விலை வித்தியாசமும் கட்ட வேண்டும். சில வாரங்களின் பின் தொலைக்காட்சி அந்தப் போட்டியைத் தெரிவு செய்தது. திங்கள் இரவு 8 மணிக்குத் தொடங்கினால் முடியப் பத்து மணியாகும். அதற்குப் பிறகு அவன் ஊருக்கு ரெயில் இல்லை. இரவு பஸ்ஸில் வந்து, செவ்வாய் காலை இறங்கி நேரே வேலைக்குப் போனானாம்.

நான் பந்து உதைத்தவனல்ல, துணி விற்பவன். ஆகவே இதைக் கணக்குப் பார்க்கும் கண்ணோடுதான் பார்த்தேன்.

பிரீமியர் லீக் 1992இல் தொடங்கியபோது உள்நாட்டு ஒளிபரப்பு ஐந்து வருடத்துக்கு 30 கோடி 40 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண் என்று பேசப்பட்டது. 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட, 2025 பருவகாலத்தில் தொடங்கிய நான்கு வருட ஒப்பந்தம் 670 கோடி பவுண். ஸ்கை, டி.என்.டி. ஸ்போர்ட்ஸ் ஆகிய இரண்டும் வருடத்துக்கு 270 போட்டிகள் வரை நேரடியாகக் காட்டலாம். மொத்தமே 380 போட்டிகள்தான். வகுத்துப் பார்த்தால் காட்டப்படும் ஒரு போட்டிக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பவுண் வருகிறது.

மறுபக்கம், வெளியூர் ரசிகர்களுக்குப் பெரும்பாலும் 3,000 ஆசனங்கள் வரைதான். அவர்களது டிக்கட்டுக்கு 2016 பருவகாலத்திலிருந்து 30 பவுண் உச்சவிலை. எல்லாம் விற்றாலும் 90,000 பவுண். 60 இலட்சம் தருகிற வாடிக்கையாளர் "திங்கள் இரவுக்குத் தாருங்கள்" என்றால், 90,000 தருகிறவரின் முகத்தை யார் பார்ப்பார்? நம் கடைத்தெருவிலும் பெரிய ஓடர்காரருக்காகச் சின்னவரின் பார்சல் பிந்துவது நாம் காணாததல்ல.

சனி பிற்பகல் 3 மணிப் போட்டியை இங்கிலாந்தில் நேரடியாகக் காட்ட முடியாது என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அங்கே நேரடி ஒளிபரப்புத் தடை. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்ற பயத்தில் 1960களில் வந்த ஏற்பாடு அது. ஆகவே தொலைக்காட்சி ஒரு போட்டியைத் தெரிவு செய்தால் அதை அந்த நேரத்திலிருந்து நகர்த்தியே ஆக வேண்டும். மைதானத்துக்குப் போகிறவரைக் காக்க வந்த தடையே இன்று அவரை அலைக்கழிக்கவும் காரணமாகிறது. 2023இல் வூல்வ்ஸ், செல்சீ போட்டியை டிசம்பர் 24ஆம் திகதி வைத்தார்கள். 1995க்குப் பிறகு கிறிஸ்மஸுக்கு முதல் நாளில் நடந்த முதலாவது பிரீமியர் லீக் போட்டி அதுதான். ரசிகர்கள் எதிர்த்தார்கள், போட்டி நடந்தது.

நமக்கும் இதில் கொஞ்சம் பங்கிருக்கிறது. அங்கே சனி பகல் 12.30 என்றால் நமக்கு மாலை 5 அல்லது 6 மணி. கடையைப் பூட்டிவிட்டு தேநீரோடு உட்கார வாய்ப்பான நேரம். அந்தப் போட்டிக்கு நியூகாசிலிலிருந்து லண்டன் போகிறவர் விடியுமுன் கிளம்ப வேண்டும். வெளிநாட்டு ஒளிபரப்பு வருமானம் 2022இல் உள்நாட்டு வருமானத்தையே தாண்டியது.

கழகங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி சமமாகப் பிரிகிறது. கால் பங்கு புள்ளிப்பட்டியலில் பிடித்த இடத்துக்கு. மீதிக் கால் பங்கு எத்தனை முறை தொலைக்காட்சியில் காட்டப்பட்டீர்கள் என்ற கணக்குக்கு. திகதி மாறும் ஒவ்வொரு முறையும் கல்லாவில் காசு விழும்போது எந்தக் கழகம் மறுக்கும்? 2013இலிருந்து மூன்று பருவகாலங்களுக்கு ஒவ்வொரு கழகமும் வருடத்துக்கு 2 இலட்சம் பவுண் வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கியது. ஆனால் திகதி மாறியதால் வரும் ரெயில் செலவு பெரும்பாலும் ரசிகனின் தலையில்தான்.

சின்ன வாடிக்கையாளர் என்று நான் சொன்னது முழு உண்மையுமல்ல. 2020 ஜூனில் கொரோனாவுக்குப் பிறகு வெறும் மைதானங்களில் போட்டிகள் தொடங்கியபோது, ஒலிப்பதிவு செய்த கூட்டத்தின் இரைச்சலைச் சேர்த்து ஒளிபரப்பினார்கள். அப்போது புரிந்தது, தொலைக்காட்சி விற்கும் சரக்கில் அந்த ரசிகனின் குரலும் சேர்த்தி. அந்த மட்டில் அவன் கூலியில்லாமல் உழைக்கிறான், டிக்கட்டுக்குக் காசும் கொடுக்கிறான்.

ஜேர்மனி ரசிகர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். அங்கே திங்கள் இரவுப் போட்டிகள் 2017 பருவகாலத்தில் புகுத்தப்பட்டன, அதுவும் வருடத்துக்கு ஐந்து மட்டும். 2018 பெப்ரவரியில் பிராங்பேர்ட் ரசிகர்கள் டெனிஸ் பந்துகளை மைதானத்தில் வீசினார்கள். அடுத்த வாரம் 81,000 பேர் கொள்ளும் டோர்ட்முண்ட் மைதானத்துக்கு ஏறத்தாழ 54,000 பேரே வந்தார்கள். காலி ஆசனங்கள் தொலைக்காட்சியில் அழகாகத் தெரிவதில்லை. அந்த வருடம் நவம்பரிலேயே, 2021இலிருந்து திங்கள் போட்டி கிடையாது என்று லீக் அறிவித்தது.

மருமகனிடம் இதைச் சொன்னேன். "இங்க ஒருத்தன் வராட்டி அந்த சீட்டுக்குப் பின்னால பத்துப் பேர் நிக்கிறாங்க மாமா" என்றான். அவன் இப்போது தொலைக்காட்சியின் தெரிவு வெளியாகும்வரை ரெயில் டிக்கட் எடுப்பதில்லை. அதற்குள் மலிவு டிக்கட்டுகள் முடிந்துவிடும். அந்த வித்தியாசத்தையும் அவனேதான் கட்டுகிறான்.