தீட்டிய கைக்குப் பெயர் இல்லையா?

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கண்ட தோழர்கள் அறிவர். உள் மதிலையொட்டி ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு கோயில்கள் அணிவகுத்து நிற்கின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பியவை அவை. மன்னனின் பட்டப் பெயர்கள் 200-க்கு மேல் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. அதுவும் பல வகை எழுத்துகளில்!

அதே சிறு கோயில்களுக்குள் சற்றே உற்றுப் பாருங்கள். மணற்கல்லின்மீது சுண்ணச் சாந்து பூசி, செங்காவியும் மஞ்சளும் கொண்டு தீட்டிய ஓவியங்களின் மிச்சம் தெரியும். சிவன், உமை, இடையே குழந்தை. நிறம் போயிற்று, கோடு போகவில்லை. பிற்காலத்தார் மேலே பூசிய பூச்சில் மறைந்து கிடந்த இவற்றை, 1930-களின் தொடக்கத்தில் புதுவைப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார்.

தீட்டியவன் யார்? எந்தத் தெரு? எவர் மகன்? மன்னனுக்கு 200 பெயர். ஓவியனுக்கு ஒன்றுகூட இல்லை! இராசசிம்மனுக்கு முன்னோனான மகேந்திரவர்மன், 'சித்திரகாரப்புலி' என்றே பட்டம் சூடினான். ஓவியருள் புலி என்பது பொருள். அவன் தூரிகை பிடித்தவனாகவே இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால், ஓவியருக்குரிய புகழ்ப் பெயரும் அரண்மனைக்கே போய்ச் சேர்ந்ததே, அதைத்தான் எண்ணிப் பார்க்கிறோம்.

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்தில் காற்று வேறு திசையில் வீசிற்று. வணிகர்கள் பணம் தந்து தம் முகத்தை எழுதச் சொன்னார்கள். சுவரைவிட்டுப் பலகைக்கு வந்தது ஓவியம், கைமாறும் பொருளாயிற்று. எழுதியவன் பெயருக்கு மதிப்பு உயர்ந்தது. 1434-இல் ஒரு வணிகனையும் அவன் துணைவியையும் எழுதிய யான் வான் ஐக், படத்தின் நடுவிலேயே தன் பெயரையும் ஆண்டையும் பொறித்தான். காசு கொடுத்தவன் முகம் இருக்கட்டும். கை உழைத்தவன் பெயரும் இருக்கட்டும் என்பதுபோல!

மெக்சிகோவின் டீகோ ரிவேரா ஓவியத்தை மீண்டும் பொதுச் சுவருக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கலைக்கூடத்தில், 1932-33-இல், மோட்டார் தொழிற்சாலைப் பாட்டாளிகளையே சுவர் நிறைய எழுதினார். அடுத்து நியூயார்க்கில், ராக்பெல்லர் கட்டிய மாளிகைச் சுவரில் லெனின் முகத்தைத் தீட்டினார். 'எடுத்துவிடு' என்றனர், மறுத்தார். 1934-இல் சுவரோவியத்தையே உடைத்தனர். கூலி கொடுத்தவனுக்குச் சுவர் சொந்தம். தொழிலாளியின் கற்பனையும் சொந்தமா?

காஞ்சித் தறிக்கு இந்தக் கேள்வி புதிதன்று. கோபுரக் கரையும், அன்னமும், மயிலும், ருத்திராட்சமும் நூலால் எழுதிய ஓவியங்கள் அல்லவா? கட்டத் தாளில் உருவை வரைகிறார் ஒருவர்; அதைப் பார்த்து அட்டை அடிக்கிறார் இன்னொருவர்; கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் கோக்க இருவர் கை சேர வேண்டியிருக்கிறது. சேலைப் பெட்டியில் பளிச்சிடுவது கடையின் பெயர்! பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது. ஊரின் பெயர் காக்கப்பட்டது. நல்லதே. நெய்தவர் பெயர்?

நாம் கேட்பது மலையளவு அன்று. பெட்டிக்குள் ஒரு சீட்டு: உரு வரைந்தவர் இன்னார், நெய்தவர் இன்னார் என்று. கோயில் சுவரில் எஞ்சியிருக்கும் கோடுகளின்மேல் சுண்ணாம்பும் படக்கூடாது, வந்து போவோரின் கிறுக்கலும் படக்கூடாது.

பெயர் தெரியாத பல்லவ ஓவியனுக்கு இனிப் பெயர் தர நம்மால் இயலாது. இன்று தறியில் அமர்ந்திருப்பவர் பெயர் நமக்குத் தெரியும். அதையும் மறைய விடலாமா, தோழர்களே?