தடுமாறும் புல்லட்டுக்கு நாடி பார்ப்போம்

நீண்ட பயணத்தில் இருக்கிறீர்கள். முன்னே ஒரு லாரி. எதிர்ச்சாலை காலி. முந்திவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறீர்கள். சீறிப் பாய வேண்டிய புல்லட் ஒரு கணம் மூச்சடைத்துத் தயங்குகிறது, பிறகுதான் பாய்கிறது. அந்த ஒரு கணத்துக்குள் எதிரே பஸ் வந்துவிட்டால்? ரயில்வே கேட்டில் நிற்கும்போதும் அதே வண்டி சீராக அடிக்காமல், இரண்டு அடி அடித்து ஒன்றை விழுங்குகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் அல்ல. பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறப்பவை.

2020-ஆம் ஆண்டு பி.எஸ்.6 விதியோடு வந்த புல்லட்டில் கார்புரேட்டர் இல்லை. நாம் பேசப்போவது பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் 350 பற்றி.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். வண்டி நின்றபடி ஓடும்போது கார்புரேட்டரின் அடைப்பு அநேகமாக மூடியே இருக்கும். அப்போது பெட்ரோல் வருவது பைலட் ஜெட் வழியாக. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது! திடீரென்று ஆக்ஸிலேட்டரைத் திருகினால் என்ன ஆகும்? காற்று இலேசானது, உடனே பாய்ந்துவிடும். அதைவிடச் சுமார் 600 மடங்கு அடர்த்தியான பெட்ரோல் பின்தங்கும். எனவே கலவை ஒரு கணம் நீர்த்துப்போவது இயல்பே. முன்பே நீர்த்திருந்த கலவை என்றால், அந்தக் கணத்தில் தீப்பற்றவே பற்றாது. அதுதான் தயக்கம்.

இனிச் சோதனை. என்ஜின் நன்றாகச் சூடேறியபின், ஓடும்போதே சோக்கைச் சற்றுப் போடுங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இன்னும் திணறிக் கரும்புகை கக்கினால் பெட்ரோல் மிகுதி. ஏர் ஃபில்டரையும், மிதவை அறையில் பெட்ரோல் நிரம்பி வழிகிறதா என்பதையும் பாருங்கள்.

பெட்ரோல் போதாமைக்கு முதற்காரணம் அடைபட்ட பைலட் ஜெட். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்துவிடும். கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும். காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, காற்றுக் கசிவு. என் வண்டியில் பிளக்கை மாற்றினேன், காயிலை மாற்றினேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின. குற்றவாளி கார்புரேட்டர் என்ஜினோடு சேருமிடத்துப் பேக்கிங்! ஓடும் என்ஜினில் அந்த இணைப்பைச் சுற்றி இரண்டு சொட்டு என்ஜின் ஆயில் விட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் ஆயில் அதைச் சற்று நேரம் அடைக்கும். ஓட்டம் உடனே மாறும். சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான என்ஜின்மேல் அது தற்கொலைக்குச் சமம்.

மூன்றாவது காரணம் புதிது. இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்றே போதும். ஆகவே பழைய அளவில் வைத்த கார்புரேட்டர் இன்றைய எரிபொருளுக்குக் காற்றை அதிகமாகவே விடுகிறது. கார்புரேட்டரின் காற்றுத் திருகைக் கால் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள். காற்று குறைந்து கலவை செறிவாகும். இதை அலட்சியம் செய்து நெடுந்தூரம் விரட்டினால் என்ஜின் அளவுக்குமேல் சூடேறும்.

சோக் போட்டும் மாற்றமே இல்லையா? கார்புரேட்டரை விட்டுவிட்டுப் பாயிண்டின் இடைவெளியையும் டாப்பெட்டையும் கவனியுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வால்வுகள் மூடிய நிலையில், புஷ் ராடுகள் விரலால் உருட்டத் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசியும். அந்த வண்டிக்கு எந்த ஜெட்டை மாற்றியும் பயனில்லை.